தந்தேரஸ் அன்றைய முதல் பக்கம்

பத்திரிகை அலுவலகத்தில் செய்தி எழுதுகிறவர்களும் விளம்பரம் வாங்கி வருகிறவர்களும் ஒரே கேன்டீனில் சாப்பிடுவார்கள், ஆனால் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள். நானும் என் கணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததுதான் பிற்பாடு கல்யாணத்தில் முடிந்தது. டெல்லியில் ஓர் ஆங்கில நாளிதழ். அவர் நகரச் செய்தி நிருபர், நான் விளம்பரப் பிரிவு. எந்தப் பக்கத்திலும் முதலில் விளம்பரத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் செய்திக்குக் கொடுப்பார்கள். "நீ விட்ட இடத்துலதான் நான் குடியிருக்கேன்" என்பார். "சத்தம் போடாம இருங்க, காலி பண்ணச் சொல்லிடுவேன்" என்பேன்.

கரோல் பாகில் கடை கடையாக ஏறி இறங்கி ஆரம்பித்தவள் நான். இருபது வருடத்துக்கு மேல் கழித்து விளம்பரப் பிரிவின் தலைமைக்கு வந்தேன். அந்த நாற்காலியில் அதுவரை பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. என்னைக் கறார் என்பார்கள். கறாராக இல்லாவிட்டால் அந்த அலுவலகத்தில் என்னை டீ வாங்கிவரச் சொல்லியிருப்பார்கள்.

என் கணவரும் நல்ல நிருபர்தான், ஆனால் அவர் பெயர் வருவதெல்லாம் நான்காம் பக்கம், ஐந்தாம் பக்கம். முதல் பக்கத்தின் அடியில் இரண்டு மூன்று தடவை வந்திருக்கலாம். தலைப்புச் செய்தியாக ஒருமுறைகூட வந்ததில்லை. இதில் அவரைவிட அவருடைய அப்பாவுக்குத்தான் குறை. என் மாமனார் திருநெல்வேலிக்காரர், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். இளைய மகனும் அரசாங்க வேலை. அவனுடன்தான் கிட்வாய் நகரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் இருந்தார். மூத்தவன் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதாமல் பத்திரிகைக்குப் போனதை அவர் மன்னிக்கவே இல்லை. எங்கள் பேப்பரை வாங்கவும் மாட்டார். "முத பக்கத்துல பேரு வரட்டும், அன்னைக்கு வாங்கிப் படிக்கேன்" என்பார். விளையாட்டாகச் சொல்வதுபோல்தான் இருக்கும். என் கணவர் சிரிக்காமல் எழுந்து போய்விடுவார்.

ஒரு வருடம், ஒரே வீட்டை இரண்டிரண்டு குடும்பத்துக்கு விற்ற ஒரு கட்டுமான நிறுவனத்தைப் பற்றி அவர் எட்டு மாதம் அலைந்து எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அதற்கே போயின. வக்கீல்கள் பார்த்து முடித்து, அது தலைப்புச் செய்தி என்று முடிவானது தந்தேரஸுக்கு முந்தின நாள். மறுநாள் காலை அந்த நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு விசாரணைக்கு வருகிறது. ஒரு நாள் தள்ளினால் ஊர்ப் பேப்பர் எல்லாவற்றிலும் வந்துவிடும்.

தீபாவளியை ஒட்டி வரும் தந்தேரஸ் அன்று டெல்லியில் தங்கம் வாங்காத வீடு குறைவு. அன்றைய பேப்பருக்கு மேல் சுற்றி வரும் முழுப்பக்க விளம்பரத்தை, எங்கள் தொழிலில் ஜாக்கெட் என்போம், ஒரு நகைக்கடைக்குக் கோடைக்காலத்திலேயே கொடுத்துவிட்டேன். பேப்பரின் பெயர் மேலே சின்னதாக இருக்கும், கீழே முழுக்க நகை. அந்தத் தாளைப் புரட்டினால்தான் நிஜமான முதல் பக்கம்.

செய்தி முடிவான அன்று மத்தியானம் ஆசிரியர் என் அறைக்கு வந்தார். ஜாக்கெட்டைப் பாதியாக்க முடியுமா, இடது பாதியை நகை மறைக்கட்டும், வலது பாதியில் செய்தி தெரியட்டும், கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள் என்றார். நியாயமான கோரிக்கை. வேறு ஊர்களில் செய்திருக்கிறார்கள். கேட்கிறேன் என்றேன்.

கேட்கவில்லை. போனைக் கையில் எடுத்து எண்ணைக்கூடத் தேடிவிட்டேன். வேறு நிருபரின் செய்தியாக இருந்தால் அப்போதே பேசியிருப்பேன். இதற்குப் பேசினால், புருஷனுக்காக விளம்பரத்தையே வெட்டினாள் என்ற பேச்சு லிஃப்ட் வரைக்கும் வரும். இருபது வருடம் காப்பாற்றிய கறார் ஒரு போனில் போய்விடும் என்று பயந்தேன். போனைக் கீழே வைத்துவிட்டு ஆசிரியரிடம், கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் என் கணவர் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"கேட்டியா?"

"கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

"சரி. அவன் கடை, அவன் நாளு" என்றார். பிறகு, "அப்பாட்ட சொல்லிட்டேன். நாளைக்கு நம்ம பேப்பர வாங்கச் சொல்லி" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமனார் போன் செய்தார். என் கணவர் குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன்.

"ஏம்மா, பேப்பர்காரனுக்குக் கூறு இல்ல. உங்க பேப்பர் கேட்டா ஏதோ நகைக்கடை நோட்டீஸத் தூக்கிக் குடுக்கான். கலத் ஹை பையா, இது தப்புன்னு திருப்பிக் குடுத்துட்டேன். வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

மாமனார் வாங்குகிற பேப்பரில் இந்த ஜாக்கெட் வழக்கம் அபூர்வம். அவருக்குத் தெரிய நியாயமில்லை. நான் சிரித்திருக்க வேண்டும். வாங்கிட்டு வர்றோம் மாமா என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

தமிழ்நாட்டு வழக்கப்படி எங்களுக்கு மறுநாளே தீபாவளி. தந்தேரஸ் அன்று காலையிலேயே பலகாரங்களோடு நொய்டாவில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வெற்றிலையும் தீபாவளி மருந்துக்குச் சாமான்களும் வாங்கினோம். என் கணவர் மார்க்கெட் வாசலில் எங்கள் பேப்பரில் ஒன்று வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வழியில் அதைப் பிரிக்கவில்லை.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பால்கனி வெயிலில் தயாராக உட்கார்ந்திருந்தார். என் கணவர் ஜாக்கெட்டை உருவி டீப்பாயில் போட்டுவிட்டு, உள்பக்கத்தை அப்பாவின் மடியில் விரித்தார். மாமனார் மகனுடைய பெயரின் மேல் விரலை வைத்து ஒருமுறை வாசித்தார். பிறகு செய்தியை, வரி வரியாக, ஃபைல் பார்க்கிற மாதிரி படித்தார். உள்ளே ஓரகத்தி காபி கலக்குகிற சத்தம் கேட்டது. முடித்துவிட்டுத் தாளின் மேல்மூலையைப் பார்த்தார்.

"முத பக்கம்னு சொன்ன. இது மூணாம் பக்கம்லா?"

"முத பக்கந்தான்பா. விளம்பரம் மேல சுத்தி வந்ததால நம்பர் அப்படி இருக்கு."

"அத எடுக்க முடியாதா?"

"அவ கேட்டுப் பாத்தா. நகைக்கடைக்காரன் ஒத்துக்கிடல. அவ என்ன செய்வா?"

என் கணவர் என்னைக் குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்ன பொய்யை நம்பி, அதை வைத்தே அப்பாவிடம் எனக்காகப் பரிந்து பேசினார்.

"நான் கேக்கவே இல்ல, மாமா" என்றேன். "கேட்டிருந்தா ஒருவேளை சரின்னிருப்பாங்க. இவருக்காகச் செஞ்சேன்னு ஆபீஸ்ல பேசுவாங்களேன்னு கேக்கல. இவர்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

என் கணவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கிங்கைப் பார்த்தார். மன்னிச்சிருங்க என்றேன். அவர் திரும்பவில்லை.

மாமனார் குனிந்து டீப்பாயில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்தார். காலையில் நோட்டீஸ் என்று திருப்பிக் கொடுத்த அதே தாள். முன்னால் பார்த்தார், திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"இது நீ கொண்டாந்ததாம்மா?"

"ஆமா மாமா."

"இம்புட்டுப் பெருசு ஒருநாள்ல வந்திராதே."

"நாலு மாசம் ஆச்சு. ரெண்டு பேப்பர்காரங்க போட்டிக்கு இருந்தாங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மகனுடைய பெயரைத் தேடிய அதே விரலால் அந்தத் தாளின் நாலு ஓரத்தையும் தடவிக்கொண்டு போனார். நெக்லஸுக்கு அடியில், கடை விலாசத்துக்குப் பக்கத்தில், எல்லா இடத்திலும் பார்த்தார்.

"உன் பேரு எங்க போட்டிருக்கு?"

எத்தனையோ முழுப்பக்கங்கள் கொண்டுவந்திருக்கிறேன். அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

கம்பியைப் பிடித்தபடியே, எங்கள் பக்கம் திரும்பாமல், என் கணவர்தான் பதில் சொன்னார்.

"தெனமும் முத பக்கம் அவளோடதுதாம்ப்பா. பேருதான் போட மாட்டாங்க."

கோபமாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான்கு நாள் என்னோடு பேசவும் இல்லை. ஆனால் அந்தக் கணத்தில் நான் சமையலறைக்குள் போய், ஓரகத்தியின் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் நின்றாள்.