அங்கம்மா வளர்த்த காவல்

எண்ணூரில் மூடிக்கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் பின்னால் பெரிய புல்வெளி இருக்கிறது. திருகுக் கொம்பு வெளிமான்கள் சின்னக் கூட்டமாக அங்கே மேய்கின்றன. இது பலருக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் மான்களுக்கு நல்லது. கேட்டுக்கு நான் காவல், புல்வெளிக்கு அங்கம்மா அக்கா.

அக்கா காசிமேட்டில் மீன் விற்றவர். முழங்கால் போனதும் இந்த வேலைக்கு வந்தார். வாய் மட்டும் இன்னும் மீன் ஏலத்திலேயே நிற்கிறது. மான் பிடிக்க வேலி தாண்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்த வாய்க்கே ஓடிவிடுவார்கள். மீதிப் பேருக்கு நாய்கள். தினமும் மீன் தலைகளைக் கொண்டுவந்து போட்டு ஒரு பட்டாளத்தையே வளர்த்திருந்தார். அதில் செவலைதான் செல்லம்.

வனத்துறையிலிருந்து வரும் மோகனப்ரியா கெஞ்சாத நாளில்லை. "நாய்ங்களை உள்ள சேர்க்காதீங்கக்கா. மான் குட்டி போடுற நேரம்."

"வயிறு ரொம்புன நாய் இன்னாத்துக்கும்மா வேட்டைக்குப் போவுது? பட்டினி போட்டாதான் பேஜாரு."

நானும் அக்கா கட்சிதான்.

போன வாரம் ஒரு பெண்மான் வயிறு ஒட்டித் தனியாக மேய்ந்தது. குட்டியைப் புல்லுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "டில்லி, எனக்குப் பேத்தி பொறந்துக்கீறா" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அவர் மீன் பையை அவிழ்க்கும்போது செவலை புல்லுக்குள்ளிருந்து எதையோ கவ்விக்கொண்டு வந்தது. வாலை ஆட்டியபடி அவர் காலடியில் போட்டது. மான்குட்டி. தொட்டுப் பார்த்தேன், உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. கழுத்தில் மட்டும் பல் பட்டிருந்தது. நாய் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. தூரத்தில் தாய்மான் எங்களைப் பார்த்தபடி நின்றது.

அக்கா குட்டியைப் புரட்டிப் பார்த்தார். "ஒரு வாய் துன்னலியே டில்லி. பசிக்குக்கூட இல்லியே." பிறகு, "அந்தப் பொண்ணுக்குப் போன் போடு" என்றார்.

மதியம் நாய்க் காப்பகத்து வண்டியோடு மோகனப்ரியா வந்தார். வலையைக் கண்டதும் நாய்கள் சிதறி ஓடின. யாருக்கும் பிடி கொடுக்கவில்லை.

அக்கா எழுந்தார். மீன் தலைகளை வண்டிக்குள் கொட்டிவிட்டு, தினமும் கூப்பிடும் அதே குரலில், "வா கண்ணு" என்று கூப்பிட்டார்.

செவலைதான் முதலில் ஓடிவந்து ஏறியது.