வியாழக்கிழமை வரை செல்லும் லைசென்ஸ்

கலிபோர்னியாவின் டப்ளினிலிருந்து காலை ஏழு மணிக்குத் தென்றல் காரை எடுக்கும்போது அம்மா ஜன்னலருகே குனிந்து சொன்னது ஒன்றுதான்.

"ஊரை நல்லா சுத்திக் காட்டு. நம்ம விசா கதையை மட்டும் அவ காதுல போட்றாத. நாளைக்கே காங்கேயம் பூரா தெரிஞ்சுரும்."

அந்த 'அவ' அப்போது வீட்டுக்குள் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். வான்மதி, பெரியம்மாவின் மகள். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மேற்படிப்புக்காக டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. லேபர் டே விடுமுறைக்கு அவளைத் தென்றலின் அம்மா பவளம்தான் டிக்கெட் போட்டு வரவழைத்திருந்தாள். தென்றலுக்கு வேலை, அக்காவுக்குக் கோட்டை, கடல், ஊர்கள் எல்லாம் ஒரே நாளில் காட்டுவது.

தென்றலுக்கு இந்த வேலை புதிதல்ல. பதினாறு வயதில் ஓட்டக் கற்ற நாளிலிருந்து, வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் அவள்தான் ஏற்றிப் போவாள். எந்த மலைவளைவில் குமட்டும், எந்த ஊரில் பாத்ரூம் சுத்தமாக இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். இது அவள் ஊர். நான்கு வயதில் வந்தவள், பதினேழு வருடமாக இங்கேதான் இருக்கிறாள்.

ஆனால் அவள் இங்கே இருப்பது அப்பா நஞ்சப்பனின் வேலை விசாவின் நிழலில். அந்த நிழல் பிள்ளைகளுக்கு இருபத்தொரு வயது வரைதான். வருகிற வியாழக்கிழமை அவளுக்கு இருபத்தொன்று. வந்த புதிதில் ஏழு வருடம், "ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிருவோம், கிரீன் கார்டு எதுக்கு" என்று அப்பா விண்ணப்பம் போடவே விடவில்லை. பிறகு போட்டார். வரிசை இன்னும் நகரவில்லை. இங்கே பிறந்து குடிமகனாகிவிட்ட தம்பி இளமாறனுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

இங்கிருந்தபடியே மாணவர் விசாவுக்கு மாற்றித் தரக் கேட்டு வசந்தத்தில் அனுப்பியதற்குப் பதில் வரவில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை விமானம். அடுத்த திங்கள் சென்னையில் நேர்காணல். முத்திரை குத்திக் கொடுத்தால் திரும்பி வந்து டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கலாம். கொடுக்காவிட்டால் திரும்ப வழியில்லை. காங்கேயத்துக்குச் சொல்லியிருப்பது, தென்றல் லீவுக்கு வருகிறாள் என்று.

நாபா தாண்டி காலிஸ்டோகா மலைச்சரிவில் கோட்டை இருந்தது. சுற்றிலும் அகழி, மேலே கொத்தளம், கீழே பாதாள அறை.

"எந்த ராசா ஆண்டது?" என்றாள் வான்மதி.

"யாரும் ஆளலக்கா. ஒயின் விக்கிறவர் கட்டினது. என்னைவிட வயசு கம்மி."

"அப்படியே பழசாட்டம் இருக்குதே."

"செங்கல் எல்லாம் ஐரோப்பால இருந்து கொண்டு வந்தாங்களாம்."

"செங்கல்லு வந்து செட்டிலே ஆயிருச்சு பாரு."

தென்றல் சிரிக்க முயன்றாள்.

டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் தென்றலின் லைசென்ஸையும் வான்மதியின் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தாள். தென்றலின் பிறந்த தேதியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. இன்னும் ஐந்தே நாள்தானா, இருபத்தொன்று ஆனால்தான் ஒயின், அடுத்த வெள்ளிக்கிழமை வந்தால் ஊற்றியே தருவேன், இன்றைக்குத் திராட்சைச் சாறுதான் என்றாள். இருபத்தொன்று என்றால் பெரிய கொண்டாட்டம் ஆயிற்றே, என்ன திட்டம் என்று கேட்டாள். ஊருக்குப் போகிறேன் என்று தென்றல் சொன்னாள். எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை.

"எனக்கும் ஜூஸே குடுக்கச் சொல்லு," என்றாள் வான்மதி. "ஒயின் குடிச்சேன்னு தெரிஞ்சா எங்கம்மா மூணு நாளைக்குச் சோறு திங்காது. ஏம்புள்ள, உன் லைசென்ஸைக் கொஞ்சம் குடு. நானும் எடுக்கோணும், எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

மறைக்கத் தோன்றவில்லை. வான்மதி அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"இதென்ன, நீ பொறந்த தேதியும் லைசென்ஸ் முடியற தேதியும் ஒண்ணா இருக்குது. செப்டம்பர் நாலு."

"இங்க அப்படித்தான்க்கா. ரினியூ பண்ணிக்கலாம்."

"இந்த வருஷமேவா?"

"ம்."

வான்மதி அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். அதன்பிறகு கொத்தளத்தில் ஏறியபோதும், பாதாள அறையின் இரும்புக் கூண்டைப் பார்த்தபோதும் அவள் பேச்சு குறைந்துபோயிற்று. தென்றல்தான் விடாமல் பேசினாள். சாண்டா ரோசா வழியாக மேற்கே போகும்போது பால்பண்ணைகள், பழைய ரயில் நிலையம், ஒரே தெரு கொண்ட சிற்றூர்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். தன் குரலே தனக்கு அலுத்தது.

பொடேகா முனையில் காரை நிறுத்தி இறங்கினார்கள். காற்று ஆளைத் தள்ளியது. செங்குத்தான பாறைக்கு அடியில் கடல் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. வான்மதி சித்தியின் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் தேதி போட்டுத்தான் காயிதம் குடுத்திருக்காங்க," என்றாள். "விசா எது வரைக்கோ, லைசென்ஸும் அது வரைக்குந்தான்னு காலேஜ்ல சொன்னாங்க." "தேதியைப் பாத்தா என்னன்னு எனக்குப் புரியும் புள்ள. சித்தி சொல்ல வேண்டாம்னுச்சா?"

தென்றல் கடலைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். தமிழில் தொடங்கி, பாதியில் இங்கிலீஷுக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்தாள். சொல்லி முடித்ததும் வான்மதி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நாங்க உன்னை என்னன்னு கூப்பிடுவோம் தெரியுமா? அமெரிக்காக்காரி. நீ அனுப்பற போட்டோவைப் பாத்துட்டு எனக்கு ஒரு வாரம் எரிச்சலா இருக்கும்."

"நான் உங்க பாஸ்போர்ட்டைப் பாத்தேன், காலைல கவுண்டர்ல," என்றாள் தென்றல். "அந்த ஸ்டாம்ப். மூணு வீக்ஸ்தான் ஆச்சு உங்களுக்கு. எனக்கு அவ்ளோ கோவம் வந்துச்சு. சாரிக்கா."

"வரட்டும். எனக்கு வந்த எரிச்சலுக்கும் அதுக்கும் சரியாப் போச்சு." வான்மதி முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினாள். "லாயர் என்ன சொல்றாரு?"

"படிச்சு முடிச்சா திரும்பி ஊருக்குப் போயிடுவேன்னு விசா ஆபீசர் நம்பணுமாம். அங்க என் வீடு இருக்குன்னு காட்டணுமாம். நான் நாலே தடவைதான்க்கா அங்க போயிருக்கேன். எல்லா தடவையும் எனக்கு வயித்துவலி."

"கேட்டா அதையும் சொல்லிராத."

இந்த முறை தென்றலுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது.

"உங்களுக்கு எப்படி குடுத்தாங்க?"

"ரெண்டு நிமிஷம்கூட ஆகல. கன்சல்டன்சில சொல்லிக்குடுத்த மாதிரி கண்ணைப் பாத்து, சிரிச்ச முகமா, படிச்சுட்டுக் கோயமுத்தூர்ல வேலைக்கு வந்துருவேன்னு சொன்னேன். குடுத்துட்டாங்க. வெளிய வந்து எளநி குடிக்கறப்பத்தான் யோசனை வந்துச்சு, நான் சொன்னது நெசமா பொய்யான்னு. ராத்திரி ரிச்சர்ட்சன் ரூம்ல படுத்துட்டு இன்னும் அதையேதான் யோசிக்கறேன். போவனா, மாட்டனா? உனக்கு இருக்கோணும்னு ஆசை, உடமாட்டேங்கறாங்க. எனக்கு என்ன ஆசைன்னே தெரியல, உள்ள உட்டுட்டாங்க."

இதுவரை அக்காவுக்கு ஒரு கேள்வியும் இருக்காது என்றே தென்றல் நினைத்திருந்தாள்.

"எந்திரி," என்றாள் வான்மதி. "போற வழியில உனக்கு எங்க ஊரைக் காட்டறேன்."

கார் கடலோரச் சாலையில் தெற்கே இறங்கியது. இடது பக்கம் மேய்ச்சல் மேடுகளும் வலது பக்கம் தோமலேஸ் விரிகுடாவும் கடந்து போயின. இருவரும் அவற்றைப் பார்க்கவில்லை.

"காங்கேயம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி தாராபுரம் ரோட்டுல வரோணும். பத்து நிமிஷ நடை. முதல்ல தேங்காக் களம். காயை ஒடச்சு வெயில்ல பரப்பியிருப்பாங்க, தரையே வெள்ளையா இருக்கும். எங்கப்பா வேலை செய்யறது அங்கதான். களத்தைத் தாண்டி வலது பக்கம் சந்து. மூணாவது ஊடு. நீ போனா என் ரூம்லதான் படுப்ப. ஜன்னலைத் தொறந்தா எண்ணெய் மில்லு வாசம் வரும். முதல் வாரம் தலை வலிக்கும், அப்பறம் தெரியாது."

"இதெல்லாம் கேப்பாங்களா?"

"கேக்கவே மாட்டாங்களாட்ட இருக்குது. ஆனா கேட்டா முழிக்கக் கூடாது. எங்க, இப்ப நாந்தான் ஆபீசரு. சொந்த ஊரு எது?"

"காங்கேயம்."

"'காங்கேயம்'னு கேள்வி மாதிரி சொல்லாத. ஊருல யாரெல்லாம் இருக்காங்க?"

"பெரியம்மா. பெரியப்பா. பெரியப்பா தேங்காய் களத்துல வேலை."

"படிச்சுட்டு?"

"திரும்பிப் போயிடுவேன்."

அதை அவள் வேகமாகச் சொல்லி முடித்தாள். வான்மதி கவனித்தாள். அடுத்த கேள்விக்குப் போனாள்.

"உங்க ஊருக்கு நான் வந்தா என்ன காட்டுவ?"

"காலைல சீக்கிரம் கிளம்பிடணும். இல்லனா டிராஃபிக். முதல்ல ஒரு கோட்டை இருக்கு, அங்கேருந்து அப்படியே கடலுக்கு..."

வாக்கியத்தின் நடுவில்தான் தென்றலுக்கே உறைத்தது. கோல்டன் கேட் பாலம் மூடுபனிக்குள்ளிருந்து பாதி எழுந்து எதிரே வந்தது. வான்மதி போனை எடுத்துப் படம் பிடிக்கவில்லை. தென்றலின் தோளில் கை வைத்து, அங்கேயே வைத்திருந்தாள்.

பாலம் தாண்டி, நகரத்தைக் கடந்து, விரிகுடாவுக்கு மேல் அடுத்த பாலமும் தாண்டி டப்ளின் பக்கம் திரும்பும்வரை அந்தக் கை அப்படியே இருந்தது. ஒருமுறைகூடத் தென்றல் வழிகாட்டிப் பலகையைப் பார்க்கவில்லை. கைகள் தாமாகவே தடம் மாற்றின.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள் வான்மதி மெதுவாக.

"பஸ் ஸ்டாண்டுல இறங்கி, தாராபுரம் ரோடு. பத்து நிமிஷம். தேங்காக் களம், தரை வெள்ளையா இருக்கும்." வீட்டுக்குப் பிரியும் சாலை வந்தது. தென்றல் சிக்னல் போட்டு வலது பக்கமாக இறங்கினாள். "களத்தைத் தாண்டி இடது பக்கம் சந்து."

"வலது பக்கம்," என்றாள் வான்மதி.