செபமாலையின் மறுபாதி

என் மகள் என்னைப் "போன் மாமா" என்று கூப்பிட்ட நாளில் நான் ஆண்டவரோடு கோபித்துக்கொண்டேன். மறைக்க மாட்டேன், பெரிய கோபம்.

என் மனைவி ரெஜினா ஆசிரியை. வன்னியில் ஒரு குளத்தோரக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நியமனம் கிடைத்ததும், எங்கள் ஒன்றரை வயது மகள் மெர்சியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு நகரத்தில், மருதானையில் வேலை, கொட்டாஞ்சேனையில் அறை. எங்கள் வீட்டில் பின்னேரச் செபமாலை ஒருநாளும் தவறியதில்லை. அதனால் போனில் சொல்வோம் என்று முடிவெடுத்தோம். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் உரிய செபத்தில் முதற்பாதி நான், மறுபாதி அவர்கள்.

ஆனால் அங்கே சிக்னல் குளக்கட்டில் மட்டும்தான். இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும், யானை வரும். நான் முதற்பாதியைச் சொல்வேன். மறுபாதி வராது. திரையில் இருவர் முகமும் அசையாமல் நிற்கும். "இஞ்சருங்கோ, கேக்குதே?" என்று ரெஜினாவின் குரல் வந்து அறுந்துபோகும். இரண்டு பாதியையும் நானே சொல்லி முடிப்பேன். அந்த அறையில் என் குரல் எனக்கே அலுத்துப்போனது.

செவ்வாய்தோறும் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி அவளுக்கு என் பக்கமாக இடமாற்றம் கேட்டேன். அவளோ வேறொன்றைக் கேட்டிருக்கிறாள். ஒருநாள் போனில் சொன்னாள்:

"பிள்ளையள் படிக்கிறதுக்குக் குளக்கட்டில ஏறி நிக்குதுகள். இஞ்ச ஒழுங்கா நெட் வரவேணும் எண்டுதான் நான் மன்றாடுறன்."

"அப்ப நான் உமக்கு வேண்டாமோ?" என்று கத்திவிட்டேன். அவள் பதில் சொன்னாளா, லைன் போனதா, தெரியவில்லை. அடுத்த செவ்வாய் என் மன்றாட்டை மாற்றினேன். அவள் கேட்டதையே கொடும், ஆண்டவரே. சொல்லவே வாய் கசந்தது.

போன தவக்காலத்தில் அந்தப் பள்ளிக்கும் ஆசிரியர் விடுதிக்கும் பைபர் இணைப்பு வந்தது. ஊர்ப் பெற்றோர் கையெழுத்து வைத்து அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. அவர்களை நடத்தியதும் ஆண்டவர்தான் என்று நம்புகிறேன்.

முதல் பின்னேரம் நான் முதற்பாதியைச் சொன்னேன். மறுபாதி வந்தது, ஒரு சொல்லும் விடுபடாமல், முழுதாக. ரெஜினாவை முந்திக்கொண்டு மெர்சியின் மழலை. திரையில் அசையும் அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மணியைத் தொடங்க முடியவில்லை.

"அப்பா, லைன் கட்டாயிட்டுதோ?" என்றாள் பிள்ளை.

அப்பா என்றாள்.

இடமாற்றம் இன்னும் வரவில்லை. மெர்சியின் தலையைத் தடவ என் கை இன்னும் ஏங்குகிறது. ஆனாலும் இப்போது நான் கோபிப்பதில்லை. காத்திருக்கும் சகோதரரே, சகோதரியே, உங்களுக்கு வேண்டியவர் கேட்பதையும் ஒருதரம் உங்கள் வாயால் கேட்டுப் பாருங்கள். பதில் வரும்வரை முதற்பாதியைச் சொல்லிக்கொண்டே இருங்கள்.