தமியானாக நடித்தவரும் எங்கள் அப்பாவும்

எங்கள் அப்பா ஆண்டவரிடம் சென்று இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினராகிய நீங்கள் புகழுரையை எதிர்பார்ப்பீர்கள். அப்பாவைப் பற்றிய புகழுரை இருக்கிறது. உங்களைப் பற்றியும் கொஞ்சம் இருக்கிறது.

வேப்பனப்பள்ளிக்கு அருகே மாந்தோப்புக் காவல்காரரின் மகனாகப் பிறந்தார் அப்பா. ஐ.டி.ஐ. முடித்து ஓசூருக்கு வந்து, கம்பெனியில் லேத் ஓட்டி, ஜூஜுவாடியில் சிறிய வீடு கட்டினார். அம்மா காலமான பின் என்னைத் தனியாளாக வளர்த்தார். முன்கோபி. கோயிலில் கடைசி வரிசையில்தான் நிற்பார். பிரசங்கம் நீண்டால் வெளியே போய்விடுவார்.

ஒரு வருடம் எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் புனித தமியான் நாடகம் போட்டார்கள். தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த தீவுக்குப் போய், அவர்களோடு வாழ்ந்து, அதே நோயில் இறந்தவர் அந்தப் புனிதர். தமியானாக நடித்தவர் என் சித்தப்பா. சிவப்புச் சாயம் பூசிய புண்களைக் கழுவியபடி அவர் அழுத அழுகையில் பெண்கள் பக்கம் முழுவதும் மூக்கைச் சிந்தியது.

அடுத்த வாரம் எங்கள் தெரு லைன் வீட்டிலிருந்து திலீப் என்ற ஒடிசாக்காரரைப் பெட்டியோடு வெளியே தள்ளினார்கள். அவருக்குக் கையில் உணர்ச்சியற்ற தேமல். அரசு மருத்துவமனையில் தொழுநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவரைத் துரத்தும்படி வீட்டுக்காரரிடம் போய்ப் பேசியவர்கள் தெருவில் வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் நம் அன்பியத்தார்தாம். அதுவும் ஜெபமாலை முடித்த கையோடு. அப்பா அந்தப் பெட்டியைத் தூக்கி வந்து எங்கள் முன்னறையில் வைத்தார்.

சித்தப்பா வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

“இன்னாண்ணா இது? கல்யாணத்துக்கு நிக்கற பொண்ண வூட்ல வெச்சிக்கினு…”

“மாத்திரை ஆரம்பிச்சா ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. உள்ள வாடா.”

“நாடகம் வேற, வூடு வேறண்ணா.”

“அப்ப மேடையில எதுக்குடா அப்படி அழுத?”

“அது கிளிசரின்ணா.”

கூச்சமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

எனக்குப் பேசியிருந்த சம்பந்தம் அந்த மாதமே நின்றது. மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் புனிதர்களின் படங்கள் சீரியல் பல்போடு வரிசையாக மின்னும். அன்று அப்பா சாப்பிடவில்லை.

“நீ சொல்லும்மா. அவன வேற எடம் பாத்து வெச்சிடறேன்.”

“இருக்கட்டும்பா. அந்த வூட்டுக்குப் போனா, நாளைக்கு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் வெளிய தள்ளுவாங்க” என்றேன்.

அப்பா என் தலையில் கை வைத்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

திலீப் முழுதாகக் குணமானார். ரோஜாப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது நீங்கள் ஆப்பிள் பையோடு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றீர்கள். அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, மலம் துடைத்து, குளிப்பாட்டியவர் திலீப்.

அடக்கத்தன்று சித்தப்பா மைக்கைப் பிடித்து, “எங்கள் குடும்பத்தின் தமியான்” என்று அப்பாவைப் புகழ்ந்தார். கீழே இறங்கியதும், சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க வந்த திலீப்பைத் தூரத்திலிருந்தே விரலை ஆட்டி ஒதுங்கச் சொன்னார். திலீப் தயங்கினார். நான் அவர் கையைப் பிடித்து முன்வரிசையில் நிறுத்தினேன்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட அரசு மருத்துவமனைச் செவிலியருக்கும், திலீப்புக்கும் என் நன்றி. வேறு யாருக்கும் சொல்ல வேண்டியதாகத் தோன்றவில்லை.

நினைவுத் திருப்பலி முடிந்ததும் எல்லோருக்கும் மதிய உணவு உண்டு. சமைத்தவர் திலீப். தன் கையால் பரிமாறப்போகிறவரும் அவரே. பசிப்பவர்கள் உட்காருங்கள்.