ராகு காலத்தில் பார்த்த கார்

காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல் அந்த வெள்ளைக் காரின் பானெட்டில் மைனி, என் அண்ணன் மனைவி, உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஓட்டல், செங்கல் சூளை, லாரி என்று சுற்றிவிட்டு, ஆரியசாலை மண்டியில் வேலைபார்த்த அண்ணன் வீட்டில் அப்போது ஒதுங்கியிருந்தேன். லாரியில் இரண்டு வருஷம் கிளீனராக இருந்ததால் எஞ்சின் விஷயத்தில் என் சொல்தான் வீட்டில் எடுபடும். அண்ணன் மகளுக்கு ஐந்து வயது. கால் ஊன்ற வராது. வாரம் இரண்டு நாள் மைனி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நெரிசல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். அதற்காகத்தான் பழைய கார் தேடினோம். நடுவழியில் நின்றுவிடுகிற காருக்கு அந்த பஸ்ஸே மேல்.

கழக்கூட்டத்தில் ஒருவர் விற்பதாகக் கேள்விப்பட்டோம். சனிக்கிழமை ராகு காலம் கழித்து, பத்தே முக்காலுக்கு வருகிறோம் என்று அண்ணன் போனில் சொல்லிவைத்தான். அந்த வெள்ளைக் கார் ஃபிளாட்டுக்கு அடியில், வெயில் எட்டாத இடத்தில் நின்றது. "ரெண்டு நாளா எடுக்கவே இல்ல" என்றார் உரிமையாளர். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நயம் வண்டி" என்றேன். மைனி பானெட்டில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் கேட்டாள். "எடுக்காத வண்டி எதுக்குக் கொழுந்தனாரே கொதிக்குது? நாம வர்ற நேரத்தச் சொன்னோம், அவரு சூடாக்கி வச்சிட்டாரு."

சூடான எஞ்சின் எதுவும் சட்டென்று பிடித்துக்கொள்ளும்; ஆறிக்கிடக்கும் எஞ்சின்தான் தன் குறையை மறைக்காது. லாரியில் தினமும் விடிகாலையில் பார்த்ததுதான். எனக்குத் தோன்றாமல் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை வலியசாலைத் தெருவில் 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்கிய காரைப் பார்க்க மைனி எங்களை ஒன்பதரைக்கே கிளப்பினாள், சொல்லாமல் கொள்ளாமல். வீட்டுக்கார மாமா பதறிவிட்டார்.

"ராகு காலத்துல வந்து நிக்கறேளே!"

"வாங்கத்தான் நல்ல நேரம் வேணும் மாமா. குத்தம் பாக்க இதுதான் தோது."

அவர் சிரித்துவிட்டார். "எப்போ வேணா பாருங்கோ" என்று சாவியை நீட்டினார். மைனி பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. முதல் திருப்பிலேயே கிளம்பியது. புகை இல்லை, இருமல் இல்லை. அண்ணன் பத்தரை வரை வாசலிலேயே காத்திருந்துதான் முன்பணம் கொடுத்தான்.

கார் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் ஓட்டினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிள்ளை வழியெல்லாம் மைனியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வண்டி ஏறினால் ஆஸ்பத்திரி என்றுதான் அவளுக்குத் தெரியும். சங்குமுகத்தில் நிறுத்தியதும் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, இன்னைக்கு ஊசி உண்டோ?"

"இல்ல மக்களே. இன்னைக்குக் கடல்."