எதிர்த்தாவது போடுங்க

எங்கள் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரைத் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பேராசிரியர்களுக்கு ஓட்டு உண்டு, எண்ணும்போது அதற்கு மதிப்பும் அதிகம்; மாணவர்களுக்கு உண்டு, அலுவலக ஊழியர்களுக்கும் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அறிவியல் கட்டடத்தைத் துடைக்கும் பாங் கும்ரே என்ற அம்மாவுக்கும் அவரோடு வேலை செய்யும் ஒப்பந்த ஊழியர்களுக்கும் கிடையாது. நியாயமா இது?

கும்ரேவுக்கு வயது ஐம்பத்தேழு. குரல் மூன்று மாடி கேட்கும். போராடிப் போராடி ஆட்சிக் குழுவில் ஓர் இடம் வாங்கினார். அங்கே குறிப்பெடுக்கும் எழுத்தர் நான்.

குழுவில் பதினொரு பேர்; ஆறு பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஒப்பந்த ஊழியர்களுக்கு ஓட்டு என்ற தீர்மானம் வந்த அன்று, ஐந்து பேராசிரியர்களில் இருவர் வெளியூர் மாநாட்டுக்குப் போயிருந்தார்கள். எண்ணினால் தோல்வி என்று தலைவர் மேங் பேராசிரியருக்குப் புரிந்துவிட்டது. "நாங்க கிளம்புறோம்" என்று எழுந்தார். அங்கிருந்த மற்ற இரு பேராசிரியர்களும் எழுந்தார்கள்.

பழைய மாணவர்களின் பிரதிநிதி பியோவும் போய்விட்டால் மீதி ஐந்தே பேர், கூட்டம் செல்லாது. துறைமுகத்தில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் பியோ, மேங்கின் மாணவர். வாத்தியார் எழுந்தால் மாணவன் எழுவது எங்கள் வழக்கம், ஐம்பது வயதானாலும் சரி. மேங் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பியோ, வாடா" என்றபடி வாசலைத் தாண்டினார்.

பியோ பாதி எழுந்துவிட்டார்.

"முதலாளி!" என்றார் கும்ரே. "எங்களுக்கு எதிரா ஓட்டுப் போடுங்க, வருத்தமில்ல. ஆனா உக்காந்து போடுங்க."

"சார் கோவிச்சுப்பாரும்மா."

"நீங்க எதிர்த்துப் போட்டா அவரு ஏன் கோவிக்கப் போறாரு?"

பியோ யோசித்தார். காது சிவந்தது. உட்கார்ந்தார்!

துணைத்தலைவி, மாணவி சோல்பி, ஓட்டெடுப்பு நடத்தினாள். ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஒன்று. அந்த ஒன்று பியோவுடையது. சொன்ன சொல் தவறாத மனிதர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதத் தோன்றியது; அடக்கிக்கொண்டேன்.

வெளியே நடைவழியில் துடைப்பங்களோடு முப்பது பெண்கள் காத்திருந்தார்கள்.

"வந்துருச்சுடி!" என்று கத்தினார் கும்ரே. ஒரே கூச்சல், கட்டிப்பிடிப்பு, அழுகை.

கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நம்ம ஓட்டுக்கு மதிப்பு எவ்வளவு?"

"நாம முப்பது பேரும் போட்டா, ஒரு பேராசிரியர் ஓட்டுக்குச் சமம்" என்றார் கும்ரே.

கேட்டவள் விரல்விட்டு ஆட்களை எண்ணத் தொடங்கினாள்.

"அப்ப தேர்தல் அன்னிக்கு ஒருத்தி கூட லீவு போடக் கூடாது, சொல்லிட்டேன்!" என்றார் கும்ரே.