கரண்ட் போன பிறகும் நிற்காத கட்டை

செத்துப்போன கியூபாக்காரர் ஒருவர் திண்டிவனத்துக்கு வந்துவிட்டார் என்று நான் நம்பினேன். அரை நிமிஷம்தான். ஆனால் ஐம்பது வயது ஆள் அசிங்கப்பட அது போதும்.

அப்போது விழுப்புரத்திலிருந்து ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், திண்டிவனத்தில் மாதா கோயில் மதிலை ஒட்டிய ஒரு ஹாலில் சல்சா சொல்லிக்கொடுத்தேன். மாணவர்கள் இரண்டே பேர்: மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரரும் அவர் மனைவியும். ஈஸ்டர் கழிந்ததும் அவர்களுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். சொந்தக்காரர்கள் முன்னால் ஒரு பாட்டாவது ஜோடியாக ஆட வேண்டும் என்பது அந்தம்மாவின் ஆசை. அவர் கணவரோ எந்தப் பாட்டுக்கும் தப்பான இடத்தில்தான் காலை வைத்தார்.

"இன்னிக்கும் கால மிதிச்சீங்கன்னா நான் ஆடல. கேக்கு மட்டும் வெட்டிக்கினு போயிடலாம்," என்றார் அந்தம்மா.

புதுப் பாட்டுகளின் இரைச்சலில் தாளம் அமுங்கிவிடுகிறது என்று தோன்றியது. சல்சாவுக்கு முந்தைய கியூபாவின் 'சோன்' பாட்டுகளை இணையத்தில் தேடினேன். அவற்றில் இரண்டு கட்டைகள் மோதும் ஒலி தனியாகக் கேட்கும்: மூன்று தட்டு, கொஞ்சம் மூச்சு, இரண்டு தட்டு. கடைசிவரை மாறாது. கிடைத்தது கீறல் விழுந்த பழைய இசைத்தட்டின் பதிவு. பாடியவர் கிணற்றுக்குள்ளிருந்து பாடினார். இதில் வாசித்த ஒருவரும் இப்போது உயிரோடு இருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்திருக்கக் கூடாது.

தெருவில் போகிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். அதே பாட்டை ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பப் போட்டேன். கரண்ட் போனது. ஃபேன் நின்றது. கிணற்றுக் குரல் நின்றது. கட்டை நிற்கவில்லை.

தட், தட், தட். தட், தட்.

ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கினேன். பென்டிரைவைப் பிடுங்கி மூலையில் எறிந்தேன். சத்தம் சுவருக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. மேல்மலையனூர் அம்மனுக்கு எலுமிச்சை மாலை வேண்டிக்கொண்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மாதா இருப்பது நினைவுக்கு வந்து, அவருக்கும் இரண்டு மெழுகுவர்த்தி சேர்த்துக்கொண்டேன்.

அரை இருட்டில் அவர்கள் இருவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க சார்!"

"இப்பதான் மாஸ்டர் புடிபடுது. தட்டுங்க, தட்டுங்க," என்றார் மண்டிக்காரர்.

"நான் தட்டல சார்."

"பின்ன யாரு?"

இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். அந்தம்மா என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"ஐயே! பெரிய வியாழன் வருதுல்ல மாஸ்டர், கோயில்ல மணி அடிக்கிறவரு கட்டைய தட்டிப் பாக்கறாரு. இதுக்கா இப்படி வேர்த்துக்கினு நிக்கிறீங்க?"

"பேஜாரு பண்ணாத, ஆடு," என்றார் கணவர்.

பெரிய வியாழன் இரவிலிருந்து ஈஸ்டர் வரை அவர்கள் கோயிலில் மணி அடிப்பதில்லை. அதற்குப் பதிலாக மரக்கட்டை தட்டுவார்கள். மணி அடிப்பவர் மதிலுக்கு அந்தப் பக்கம் அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டைக் கேட்டுக் கேட்டு அவர் கை அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டது, பாட்டு நின்ற பிறகும் விடவில்லை. கரண்ட் வரும்வரை மண்டிக்காரர் ஆடினார். மனைவியின் காலை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.